கேழ்வரகு போலவே ஒரு புல்

எழுபதுகளில் ஒரு நாள், ஏரியூரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். இளையவன் மடியில் வேரோடு பிடுங்கிய புல் ஒரு கொத்து.

"பொண்டாட்டியக் கூட்டியாரப் போறவன் பூ வாங்காம புல்ல எடுத்துட்டுப் போறியேடா?" என்றார் பெரியவர்.

"வயல்ல இது கேவுரு மாதிரியே இருந்துச்சுங்க மாமா. அடித்தண்டு தட்டையா வெளுப்பா இருக்குது, இது களைன்னு சொல்லி அவ புடுங்குனா. பயிரையா புடுங்குறேன்னு ஆளுங்க முன்னாலயே அவ மேல கை நீட்டிட்டேன். அன்னிக்கே ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா."

"இப்ப என்ன?"

"கதிரு வந்ததும் பாத்தா, நான் புடுங்க வுடாததெல்லாம் வெறும் புல்லுங்க. அதான் அவகிட்டக் காட்டலாம்னு."

"அவளுக்குத்தான் அது அன்னிக்கே தெரியுமேடா."



"அப்ப நான் எதக் காட்டுறதுங்க மாமா?"