வெளி ரூமுக்குப் போன சோறு

— கைய எடு மர்வா. இத எங்கன வாங்குனேன்னு நான் கேக்கல. எதுக்கு வாங்குனேன்னு கேக்குறேன்.

— சொறிக்கு, உம்மா. கால்ல சொறி.

— கால்ல வந்த சொறிக்கா பீரோவுக்குள்ள, பழைய துப்பட்டியில சுருட்டி ஒளிச்சு வச்சிருக்க? பெத்தவக்கிட்டயே பொய் சொல்றியே. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனா இந்த டியூப்பத் தெரியும். இது பொம்பளைக உள்ள போடுற மருந்து.

— உங்களுக்கு எப்புடி உம்மா தெரியும்?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஷாகிரு மாப்பிள்ளை துபாய்க்குப் போயி ரெண்டு வருஷமாகப் போவுது. நடுவுல ஒரு தடவகூட ஊருக்கு வரல. அப்ப இந்த நோவு உனக்கு யாருட்ட இருந்து வந்துச்சு?

— என்னையப் பாத்தா இதக் கேக்குறீங்க?

— மெதுவாப் பேசு. வாப்பா வெளி ரூம்லதான் இருக்காக. சன்னலு தொறந்து கெடக்கு.

— நான் எங்க போறேன் உம்மா? கடைக்குப் போனாக்கூட நீங்க கூடவே வாரீங்க. முடுக்கு வழியா பெரிம்மா வீட்டுக்குப் போவேன், வருவேன். வேற எங்க போனேன்?

— அதத்தான் நானும் காலையில இருந்து யோசிச்சுப் பாக்குறேன். மண்டை வெடிக்குது. சொல்லிரு. அடிக்க மாட்டேன். அடிச்சா எனக்குத்தான் வலிக்கும், பெத்த வயிறு. ஆனா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா உன்னைய வச்சு வாழ்வாகளா? நம்ம வெளிய தலை காட்ட முடியுமா?

— ஒருத்தரும் இல்ல உம்மா. அல்லா மேல சத்தியமா ஒருத்தரும் இல்ல.

— அப்ப செல்போன ரிப்பேர் பாக்கணும்னு ராம்நாட்டுக்குப் போனியே, அது?

— டாக்டரம்மாவப் பாக்கத்தான் போனேன். ஒண்ணுக்குப் போனா எரியுது, உக்கார முடியல, அரிப்புல தூக்கம் இல்ல. இங்கன மெடிக்கல்ல கேக்கலாம்னா அது உங்க மருமகனோட தாய்மாமா கடை. அவுகக்கிட்ட என்னன்னு கேப்பேன்? அங்கன பெஞ்சுல மொகத்த மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். வீட்டுக்காரரு கூட இருக்காரான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன், அழுகை வந்துருச்சு. நீங்க இப்பக் கேட்டதத்தான் அடுத்து அவங்களும் கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

— கேட்டாகளா?

— இல்ல. கொஞ்ச நாளைக்கு முன்னால காய்ச்சல், புண்ணு எதுக்காச்சும் கேப்சூல் போட்டியான்னுதான் கேட்டாங்க. கடவாப்பல்லு புடுங்குனதுக்குப் போட்டேன்னு சொன்னேன். டெஸ்ட்டு எடுத்துப் பாத்துட்டு, இது காளான் வகை, நம்ம ஒடம்புலயே சும்மா கெடக்கும்னாங்க. அந்த மாதிரி கேப்சூல் போட்டா, இல்ல சக்கர இருந்தா, பெருத்துப் போயிருமாம். கல்யாணமே ஆகாத புள்ளைகளுக்கும் வருமாம். புருசன் மவுத்தாகிப் போனவங்களுக்கும் வருமாம்.

— ஆம்பளையே இல்லாமயா?

— ஆம்பளையே இல்லாம.

— யாருக்குக் கத சொல்ற? ஆம்பளைட்ட இருந்துதான் இது வரும். ஒட்டுற நோவு.

— சிலது ஒட்டும்தானாம். அதுக்கு வேற மாத்திரை. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சாப்புடணுமாம், ஒருத்தரு மட்டும் சாப்ட்டா திரும்பத் திரும்ப வருமாம். ஆனா எனக்கு வந்தது அது இல்ல. எது எதுன்னு டெஸ்ட்டுல பாத்தாத்தான் தெரியும், நம்மளா ஒண்ண நெனச்சுக்கிட்டு ஒருத்தரையும் சந்தேகப்படக் கூடாதுன்னாங்க. நம்பலைன்னா வாங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். அவங்க வாயாலயே கேளுங்க.

— இரு, உக்காந்துக்கிறேன்.

— ஏன் உம்மா கீழ உக்காந்துட்டீங்க? சக்கர எறங்கிருச்சா? இனிப்புக்குத் தொதல் ஒரு துண்டு எடுத்தாரவா?

— ஒண்ணும் வேணாம். உனக்கு வெள்ளையா வந்துச்சா? தயிரு திரிஞ்ச மாதிரி?

— ஆமா.

— வாடை ஒண்ணும் இல்லாம?

— ஆமா. உம்மா, உங்களுக்கும் இருக்கா?

— கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— சவுதியில கம்பெனிய மூடி, உங்க வாப்பா ஒத்தப் பையோட ஊருக்கு வந்து எறங்குனாக பாரு. நீ அப்ப நாலாங் கிளாசு. அவுக வந்த மறு வாரமே எனக்கு இது வந்துச்சு. நெருப்பு வச்ச மாதிரி எரிச்சல். இத யாருட்ட சொல்ல முடியும்? உங்க பெரிம்மாட்ட சொன்னேன். "உன் மாப்பிள்ளை அங்கன கண்ட எடத்துக்கும் போயி வாங்கியாந்து உனக்குக் குடுத்துட்டாரு"ன்னுட்டா. அன்னைக்குத் தூக்குனதுதான் அவுக பாய.

— இதுக்காகவா வாப்பா வெளி ரூம்ல படுக்குறாங்க? கொறட்டை விடுறாங்கன்னுல எங்கக்கிட்ட சொன்னீங்க.

— புள்ளைகக்கிட்ட வேற என்னத்தச் சொல்லுவேன்?

— வாப்பாக்கிட்டயாச்சும் கேட்டீங்களா?

— எந்த வாயால கேக்கச் சொல்ற? எங்க உம்மா எனக்குக் குடுத்த வீடு. யாரு எங்கன படுக்கணும்னு நான் சொன்னா சொன்னதுதான். பாயத் தூக்கி வெளி ரூம்ல போட்டேன். அவுக பேசாமப் போயிப் படுத்துக்கிட்டாக. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு நெனச்சேன். தப்புப் பண்ணாத மனுசனா இருந்தா சண்டைக்கு வந்திருப்பாகள்ல? அன்னையில இருந்து சோறு வெளிய போவுது, தட்டு உள்ள வருது.

— அதோட உங்களுக்கு அது நின்னுச்சா?

— இல்ல.

— வாப்பா வெளிய படுத்தப்புறமுமா வந்துச்சு?

— வரும், போவும். எனக்குச் சக்கரன்னு கண்டுபுடிச்ச வருஷம் ரொம்பப் படுத்திருச்சு. நோம்போட ராம்நாட்டுக்குப் போயி, அங்கன ஒரு கடையில கேட்டு இதே டியூப்ப வாங்கியாந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்க வாப்பாவத் திட்டிக்கிட்டேதான் போடுவேன்.

— அவங்க கிட்டக்கூட வரல, அப்புறமும் ஏன் வருதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?

— தோணுச்சு. அவுக குடுத்தது ரத்தத்துல ஊறிப்போச்சு, அதான் போவ மாட்டேங்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வேற மாதிரி நெனச்சா நான் என்னா ஆவேன் மர்வா?

— அழாதீங்க. உங்களுக்கு அன்னைக்கு வந்தது எதுன்னு இப்பச் சொல்ல முடியுமோ என்னவோ. இப்ப இருக்குறதப் பாத்துருவோம். நாளைக்கு நீங்களும் வாங்க. சக்கர மாத்திரையும் எடுத்துக்கங்க, டாக்டரம்மாட்டக் காட்டணும்.

— உன்கிட்ட யாருன்னு கேட்டேன். நீ சத்தியம் பண்ணுன. உங்க வாப்பாவுக்கு அதுக்குக்கூட நான் எடம் குடுக்கல. வெக்கமா இருக்கு புள்ள. உன் மூஞ்சியப் பாக்க முடியல, அவுக மூஞ்சிய எப்புடிப் பாப்பேன்?

— என் மூஞ்சிய விடுங்க. மத்தியானம் லுஹரு தொழுதுட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு, வாப்பா பசி தாங்க மாட்டாங்க. தட்டப் போடவா?

— போடு. வெளிய கொண்டு போவாத. இங்கன பாய விரி. மீனு நடுத்துண்டா எடுத்து வையி. அவுகளக் கூப்புடு.

— நீங்க கூப்புடுங்க.

— நீ கூப்புடு. பேசுறத நான் பேசிக்கிறேன்.

— வாப்பா. வாப்பா, உள்ள வாங்க. சோறு உள்ள வச்சிருக்கு. உம்மா கூப்புடுறாங்க.

— உம்மாவா? ஏம்மா, அவளுக்கு மேலுக்கு ஏதும் முடியலையா?

— இல்ல வாப்பா. சும்மாதான். சாப்புட வாங்க.

— இங்கனயே குடுத்துரும்மா. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்கு எதுக்குச் சிரமம்?

— நான்தான் கூப்புடுறேன். உள்ள வாங்க. இத்தன வருஷத்துல, என்னைய ஏன் வெளிய படுக்க வச்சேன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்ல நீங்க?

— கேக்க என்ன இருக்கு? மத்த வீட்டு மாப்பிள்ளைக பெட்டி பெட்டியா கொண்டாந்து எறக்குன தெருவுல நான் ஒத்தப் பையோட வந்து நின்னேன். வெறுங்கையோட வந்தவன் மூஞ்சியில முழிக்க உனக்குப் புடிக்கலைன்னு நானே புரிஞ்சுக்கிட்டேன். உன் வீட்டுல எனக்கு வெளி ரூமாச்சும் குடுத்தியே.