கறந்த சூட்டோட

அண்டைக்கு ஆசுப்பத்திரி வாட்டில ஆரார் நிண்டது எண்டோ கேக்கிறியள், சம்மந்தி? ஒழுங்காச் சொல்லுறன். கட்டில்ல என்ர மகன் ஞானப்பிரகாசம். தலைமாட்டில உங்கட மகள் யூலிற்றா. கதவோரம் எங்களுக்கு ஆடு வித்த ஜமால்தீன். டொக்டர்தான் அவரைக் கூப்பிடுவிச்சவர். பிறகு டொக்டர், நான். வேற ஒருத்தருமில்லை.

வேண்டாம், கதிரை வேண்டாம். நிண்டுகொண்டே சொல்லுறன்.

மலேரியாவுக்குப் பிறகு அவன் எலும்பும் தோலுமாப் போனான். அதுக்குத்தான் ஆடு வாங்கினது. ஜமால்தீன் ஒண்டும் ஒளிக்கேல்லை. ரீச்சரம்மா, இது ரெண்டுதரம் குறைமாசத்தில குட்டி போட்ட ஆடு, கொதிக்கக் காய்ச்சாமல் பாலைக் குடுக்காதேங்கோ எண்டவர். முப்பது வருஷம் சுகாதாரம் படிப்பிச்சவள் நான். ஆட்டுக்காரரிட்டையோ படிக்கிறது?

என்னைப் பெத்த ஐயா கறந்த சூட்டோட, நுரை அடங்க முதல் குடிச்சவர். எண்பது வயசிலயும் நிமிந்து நடந்தவர். காய்ச்சினால் சத்துப் போயிடும் எண்டுதான் எங்கட வீட்டில.

காய்ச்சல் வரும், போகும். பிறகு நாரி நோ, இடுப்பை நிமித்த ஏலாது. பிறகு காலை ஊன்ற ஏலாமப் போச்சு. கனகராயன்குளம் முழுக்கத் தபால் பையோட சைக்கிள்ள திரிஞ்ச பிள்ளை. இப்ப ரெண்டுபேர் பிடிச்சுத்தான் இருத்திறது. ஆட்டுப்பாலில இருந்த கிருமி முள்ளந்தண்டை அரிச்சுப்போட்டுதாம். பச்சைப்பால் குடுத்தது ஆர் எண்டு டொக்டர் கேட்டார்.

யூலிற்றா உங்களுக்கு என்ன சொன்னவள்? ஒண்டுமில்லையோ. ஓம், சொல்லமாட்டாள்.

புருஷனைப் படுத்த கிடையில விட்டிட்டு வந்தவள் எண்டு நீங்கள் அவளை ஏசினதாக் கேள்விப்பட்டன். அதுதான் பஸ் பிடிச்சு இஞ்ச நாயாறு வரைக்கும் வந்தனான்.

முதல் நாளே அவள் குசினியில பாலை அடுப்பில வைச்சவள், சம்மந்தி. நான்தான் சட்டியோட தூக்கி வாழையடியில ஊத்தினனான். கடற்கரையில வளந்தவளுக்குப் பாலைப்பற்றி என்ன தெரியும் எண்டும் கேட்டனான். ஓம், உங்களையும் சேத்துத்தான்.

டொக்டர் கேட்டவுடன ஜமால்தீன் நிலத்தைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் சொன்னது ஒரேயொரு வசனம்: குசினி மருமகளின்ர பொறுப்பு, டொக்டர். பொய்யெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாத வசனம்.

மகன் மற்றப் பக்கம் தலையைத் திருப்பினான். உங்கட மகள் அவனைப் பார்த்தாள். பிறகு, அவனுக்குப் பருக்கிக்கொண்டிருந்த கஞ்சிக் கோப்பையை என்ர கையில தந்துபோட்டு, முந்தானையில கையைத் துடைச்சு, வெளியில நடந்தாள்.