பூந்தியைத் தொலைக்கிற வேலை

— கடைசியா ஒரு தபா சொல்றேன் அக்கா. என் லோடு வண்டில நாய ஏத்திட்டேன்னா ஏத்தினதுதான். கிருஷ்ணகிரி தாண்டி எங்கனா எறக்கி வுட்டுருவேன். அப்புறம் 'என் பூந்தி எங்கடா வரதா'ன்னு போன் போட்டு அழக்கூடாது.

— நான் ஏன்டா அழப்போறேன்? அழறவரு அதோ படில குந்திகினு கீறாரு பாரு, உங்க மாமா.

— நான் அழல திலகா. நீ வெங்காயம் அரிஞ்ச காரம், கண்ணு எரியுது.

— வெங்காயமா? இன்னிக்கி நாஷ்டா இட்லி.

— சரி வுடு அக்கா. ஏன் மாமா, அக்காவுக்கு இம்மாம் கோவம் வர அளவுக்கு அந்த நாய் இன்னாதான் பண்ணிச்சி?

— நான் சொல்றேன் கேளு வரதா, அது பாவம்...

— நீங்க சொன்னா ஒண்ணுமே பண்ணலம்பீங்க. நான் சொல்றேன். கொடில காயற துணிய இழுத்துக் கிழிக்குது. மல்லிச் செடிக்கு அடில பள்ளம் நோண்டுது. கட்டின எடத்துலயே சுத்திச் சுத்தி வந்து ராவும் பகலும் குலைக்குது. நேத்து பக்கத்து வூட்டு சொக்கம்மா மோரு வாங்க வந்தாங்கடா. சங்கிலிய அறுத்துகினு அவங்க மேல ஒரே தாவு. மல்லாக்க வுழுந்தாங்க. மணிக்கட்டு வீங்கிப் போச்சி. 'இந்த நாய் இருக்கற வரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

— கடிக்கல திலகா. மூஞ்சதான் நக்கிச்சி.

— வயசான கட்ட. இடுப்பு ஒடஞ்சிருந்தா நக்கிச்சின்னு போய்ச் சொல்லுவீங்களா?

— தப்புதான். நான் இல்லன்னு சொல்லல.

— எப்பவும் கட்டியேவா போட்டு வெச்சிக்கீற மாமா?

— பின்ன? சிப்பிப்பாறை வேட்ட நாயிடா. நம்ம பொண்ணு பூஜா ஆஸ்டலுக்குப் போறதுக்கு முன்னால குட்டியா வாங்கியாந்து குடுத்துட்டுப் போச்சி. சாதி நாய தெரு நாயோட சுத்த வுட்டா நாலு பேரு இன்னா பேசுவான்? அதான் கொய்யா மரத்துல கட்டி, வேளாவேளைக்குப் பால்சோறு, முட்ட. ஒரு கொறையும் வெக்கல.

— இதுக்கு முன்னாடியே கொண்டு போய் தொலைச்சியாமே?

— தொலைச்ச லட்சணத்த என்னக் கேளுடா. மொதல்ல ஏரிக் கலங்கலாண்ட வுட்டுட்டு வந்தாரு. இவரு சோத்துல கை வெக்கறதுக்குள்ள அது வந்து நிக்குது. அப்புறம் மானாம்பதி தாண்டி வுட்டாரு. பொழுது சாயச்சே வந்துடுச்சி. போன வாரம் வாலாஜாபாத்துல, பாலாத்தாண்ட.

— வாலாஜாபாத்துலருந்தா! அம்மாந்தூரம் ஓடியாந்துச்சா?

— விடிஞ்சி பாக்கறேன், கேட்டாண்ட படுத்துக்கீது. காலெல்லாம் சேறு. ஆனா ஒண்ணு சொல்லணும். திரும்பி வந்தா தங்கமா இருக்கும்டா. குலைக்காது, நோண்டாது. கோழி அது வயித்தாண்டயே மேயும், ஒரு கண்ணத் தொறந்து பாத்துட்டு திரும்பத் தூங்கிடும். தொலைச்சிடுவோம்னு பயந்து திருந்திடுச்சின்னு நெனச்சேன்.

— கோயில் பூசாரியாண்ட கயிறு மந்திரிச்சி கழுத்துல கட்டினா வரதா உங்க அக்கா. கயிறுதான் வேலை செஞ்சிச்சின்னு தேங்காகூட ஒடச்சிட்டு வந்தா.

— நீங்க மட்டும் இன்னா? பாலாத்துக் காத்து பட்டுச்சி, புத்தி வந்துருச்சின்னீங்க. நாலே நாளு. கயிறு அப்டியே கீது, நாய் பழையபடி பேஜாரு.

— ஒவ்வொரு தபாவும் இதே கததானா? தொலைச்சிட்டு வந்தா நல்லாருக்கு, கட்டிப் போட்டா கெட்டுப் போவுது?

— ஆமா... அப்டித்தான் ஆவுது. ஏன்டா?

— ஒண்ணுமில்ல அக்கா. சும்மா கேட்டேன். மாமா, வண்டில ஏத்தறப்போ அடம் புடிக்குமா? எங்க தெருவுல ஒருத்தன் நாய கோணிப்பைல போட்டுத்தான் தூக்கினு போனான்.

— அடமா? நீ வேற. நான் ஆணிலருந்து டிவிஎஸ் எக்ஸெல் வண்டி சாவிய எட்த்தாலே போதும். அதுவா முன்னால ஏறி குந்திக்கும். காத மடக்கிகினு, காத்துக்கு மூஞ்சக் காட்டிகினு வரும். பாலாத்தாண்ட எறக்கி வுட்டுட்டு வண்டிய முறுக்கினேன் வரதா. கண்ணாடில பாக்கறேன், பின்னாலயே ஓடியாருது. காலு தரைலயே படல. அப்டி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்ல. நாக்கத் தொங்கப் போட்டுகினு சிரிச்சிகினே வருது. தொலைக்க வந்தவனப் பாத்து எந்த நாயாவது சிரிக்குமா? நடுவுல பஸ்ஸு வந்து மறைச்சிடுச்சி. ஒரு டீக்கடையாண்ட வண்டிய நிறுத்திட்டு அழுதேன்டா. பாவின்னு என்ன நானே திட்டிக்கினேன்.

— அன்னிக்கி வயித்து வலின்னு சோறு வேணான்னது இதுக்குத்தானா?

— ஆமா திலகா.

— எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

— நீயே சொக்கம்மாவாண்ட தெனமும் பேச்சு கேட்டுகினு இருக்க. நான் இத வேற சொல்லணுமா?

— மாமா, டைம் ஆவுது. தக்காளி லோடு எனக்காவக் காத்துகினு கீது. போய் நாய அவுத்துனு வா.

— என் கையால முடியாதுடா. நீயே போய் அவுத்துக்க. நான் உன் வண்டிக்குப் பின்னாலயே காஞ்சிபுரம் வரைக்கும் வரேன். அது வரைக்குமாவது மூஞ்சப் பாத்துகினு வருவேன். பாரு, சாவிகூட எட்த்து வெச்சிகினேன்.

— சரி, பின்னால போய் நானே அவுத்துக்கறேன்... மாமா! கொய்யா மரத்தாண்ட நாய் இல்ல! சங்கிலியும் இல்ல!

— ஐயையோ! நேத்து அறுந்த சங்கிலிய நான்தான் கயித்துல முடிச்சி போட்டு வெச்சேன். இறுக்கிக் கட்ட மனசு வரல. நாம பேசினத கேட்டுகினு எங்கனா ஓடிப் போச்சா? பூந்தி! ஏ பூந்தி!

— கத்தாதீங்க. இப்டி வாசலுக்கு வாங்க.

— இன்னா திலகா?

— உங்க வண்டியப் பாருங்க. முன்னால ஏறி குந்திகினு கீது.

— வாயில இன்னா அக்கா அது?

— சங்கிலிடா. அதுவே கவ்விகினு வந்துக்கீது. இவரு சாவிய எட்த்த சத்தம் கேட்டுருக்கும். வாலப் பாரு, நிக்காம ஆடுது.

— அக்கா, இன்னா அப்டியே நின்னுட்ட? அழறியா?

— மூணு தபா தொலைச்சோம்னு நாம நெனச்சிகினு கீறோம் வரதா. அதுக்கு அப்டித் தெரியவே இல்லடா. மூணு தபா ஊர் சுத்தக் கூட்டிகினு போனோம்னு நெனச்சிகினு கீது.

— அப்ப... நான் வண்டிய எடுக்கட்டுமா, வேணாமா?

— நீ போய் உன் தக்காளிய ஏத்து. ஏங்க, சாவிய ஆணில மாட்டிட்டு செருப்பப் போடுங்க. ஏரிக்கர வரைக்கும் கொண்டு போய் தொலைப்போம். இனிமே தெனமும் தொலைப்போம். வரும்போது மட்டும் நாமளும் அதுகூடவே வந்துருவோம்.