சிவப்புப் பொட்டு வைத்த கண்டென்சர்

நகப்பூச்சுப் புட்டியின் மூடியை இறுக்கி மூடாவிட்டால் ஆறே மாதத்தில் உள்ளே இருப்பதெல்லாம் பிசினாகிவிடும். எனக்கு இது தெரியாத விஷயமில்லை. ஒருநாள் அவசரத்தில் சரியாக மூடவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு சோம்பல் இல்லையென்றால் நீங்கள் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். சர்க்கரை போதுமா?

பழைய கார் சங்கத்தின் செயலாளரே வீடு தேடி வந்து விசாரிப்பது எங்களுக்குப் பெருமைதான். நீங்கள் கண்டென்சர் இருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் மட்டமான பாகங்களை மாட்டி ஏமாற்றினார், அவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று என் கணவர் எழுதிய புகார் பொய். எழுதியவருக்கு அது பொய் என்று தெரியாது, பாவம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கே நியாயமாகத்தான் படும்.

என் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். ஒரு கோடு முடியளவு தள்ளிப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் பல் டாக்டரிடம் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாகப் போகிறேன், இப்போது மாலையில் மட்டும்.

கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைக் கார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சக்கரம்கூட இல்லாமல் லாரியில் வந்து இறங்கிய தகரக் கூடு. அடித்தகடு துருவேறி உதிர்ந்துபோய், உள்ளே உட்கார்ந்தால் காலடியில் புல் தெரியும். பின்சீட்டில் ஓர் எலிக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்துகொண்டிருந்தது. அவர் அதை வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தி, அக்கக்காகப் பிரித்து, ஒவ்வொரு திருகுக்கும் சீட்டு எழுதிக் கட்டி, டப்பா டப்பாவாக அடுக்கினார். அக்கம்பக்கத்தில் அந்தக் கொட்டகைக்கு அவருடைய சின்ன வீடு என்று பெயர் வைத்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன வீடு சுவரை ஒட்டியே இருந்தால் ஆளைத் தேடி அலைய வேண்டாம், சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் அண்ணன் வந்துவிடுவார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நாற்பது வருடப் பழக்கம். வரும்போதே வாசலில் நின்று, "தங்கச்சி, உன் சக்களத்திக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவர் சிரித்தால் அடுக்களையில் பாத்திரம் அதிரும்.

என் கணவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகத்தையும் அவர் கையால் சோதித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் சிவப்புப் பெயின்டால் கடுகளவு ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்ததை மறுபடி தொடமாட்டார். "பொட்டு வெச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சது" என்பார். கெட்டுப்போனதையும் தூக்கி எறிய மாட்டார். 'பழுது' என்று சீட்டு ஒட்டிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். இந்த இரண்டும் இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வருடம் கார் ஓடியது. ஊரைச் சுற்றி வந்து கொட்டகையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் சாய்ந்து, "எல்லாம் முடிஞ்சுதும்மா" என்றார். எனக்குத் திக்கென்றது. அவருடைய கூடப்பிறந்த அண்ணனும் இப்படித்தான். பத்து வருடமாக வீடு கட்டி, கடைசி ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்து, "முடிஞ்சுது" என்று உட்கார்ந்தார். நாற்பதாம் நாள் ஆள் இல்லை. என் கணவரும் மூன்று நாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். இவர் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்காம் நாள் அவர் குளிக்கப் போனார். நான் கொட்டகைக்குப் போனேன்.

கண்டென்சர் என்பது எஞ்சினுக்குத் தீப்பொறி சரியாகக் கிடைக்க உதவும், விரல் நுனி அளவுள்ள ஒரு குப்பி. ஒரு திருகு, ஒரு கம்பி. பழுதானது சில சமயம் வேடிக்கையாக நடந்துகொள்ளும். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், எஞ்சின் சூடேறியதும் படுத்துவிடும், அரைமணி ஆறவிட்டால் மறுபடி எழுந்துகொள்ளும். அவருடைய கையேட்டில் எல்லாம் எழுதியிருந்தது. அவர் அதில் படம் மட்டும் பார்ப்பார், நான் படிப்பேன். 'பழுது' டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, நல்லதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். நான்கு நிமிட வேலை. வாயை முழுக்கத் திறக்காதவர்களின் கடைவாய்க்குள் கண்ணாடியைப் பிடித்துப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அன்றைக்குக் கார் தையல்கடை வாசலில் நின்றுவிட்டது. அவர் நடந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "என்னமோ கோளாறு, பாத்துடலாம்" என்று சொல்லி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு ஐந்து வருடம். மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்ததில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் தொடவே மாட்டேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிய அன்று நல்லதைத் திருப்பி மாட்டிவிடுவேன். கார் ஒரு வாரம் குதிரையாக ஓடும். "கார்புரேட்டர்தான்னு நான் அப்பவே சொல்லல?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அடுத்த மாதம் ஒயரை மாற்றுவார், அதற்கும் பலன் கிடைக்கும். கட்டிய புருஷன் தொட்டதெல்லாம் துலங்கும்படி எந்தப் பெண்டாட்டி பார்த்துக்கொள்கிறாள், சொல்லுங்கள்.

ஒரே ஒருமுறை கொஞ்சம் பிசகியது. என் நாத்தனாரைப் பேருந்து நிலையத்தில் விடப் போனபோது வண்டி ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. மணி அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். கேட்கீப்பரும் நான்கு பேரும் ஓடி வந்து தள்ளினார்கள். ரயில் வர மூன்று நிமிடம் இருந்ததாம். மூன்று நிமிடம் நிறைய நேரம். இருந்தாலும் மனசு கேட்காமல் இருபது நாள் நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாத்தனார் அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதற்காகத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெக்கானிக் அண்ணன் விவரமானவர். முதல் மாதமே சொல்லிவிட்டார். "டேய், சூடானா நிக்குதுன்னா கண்டென்சரைப் பாருடா." என் கணவர், "அதுல பொட்டு இருக்குடா" என்பார். பேச்சு முடிந்துவிடும். ஐந்து வருடம் இந்தப் பொட்டைத் தாண்டி அண்ணனால் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் மூன்று மாதத்துக்கு முன்னால், நச்சரிப்புத் தாங்காமல் இவர் சம்மதித்தார். அண்ணன் புத்தம் புதியது ஒன்றைக் கொண்டுவந்தார். இவர் சோதித்துப் பொட்டு வைத்தார். அண்ணன் மாட்டினார். புதன்கிழமை நான் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி சந்தை நடுவில் நின்றது.

கூடப் போயிருந்த அண்ணன் அங்கேயே பானெட்டைத் திறந்து அதைக் கழற்றிப் பார்த்தார். "நான் போட்டது இது இல்லடா."

"என் பொட்டு இருக்கு பாரு."

"பொட்டு இருக்கட்டும்டா. நான் போட்டது இது இல்ல."

"அப்போ மட்டமானதை மாட்டிட்டு என் தலையில கட்டுறியா?"

சந்தையே வேடிக்கை பார்த்ததாம். அண்ணன் அந்தக் கண்டென்சரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அதிலிருந்து இந்தப் படி ஏறவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தைக் கடுகளவு பொட்டு ஒன்று தின்றுவிட்டது. என் கணவர் அன்றைக்கே புகார் எழுத உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். தபாலில் போட்டதும் நான்தான். மழை தூறியதால் குடைக்குள் பத்திரமாகக் கொண்டுபோனேன்.

என் பழைய புட்டி இறுகிப்போய், கடையில் புதிது வாங்கியிருந்தேன். அதில் பொடிப்பொடியாக மினுக்கு இருப்பதை வெயிலில் பார்க்கவில்லை. அண்ணன் உங்களிடம் கொடுத்த கண்டென்சரின் பொட்டில் நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்.

ஆக, செய்தது நான். எழுதிக்கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடமும் நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அழைத்துவருவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் அடுக்களை வெறிச்சென்று இருக்கிறது. மன்னிப்புக் கேட்க என் வாய் காத்திருக்கிறது.

அவர் எப்படி இருக்கிறார் என்றா கேட்டீர்கள்? சண்டை போட்ட நாளிலிருந்து காரைத் தொடவே இல்லை. மூன்று மாதமாக ஒரு வேலையும் இல்லை. பேப்பர் படிக்கிறார், நடக்கிறார், குறட்டை விட்டுத் தூங்குகிறார். போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, பத்து வருடத்தில் ரத்த அழுத்தம் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சமாதானமானதும் நீங்கள் மூவரும் காரில் ஒரு சுற்றுப் போவீர்கள். போங்கள், ஆனால் சந்தையைத் தாண்டாதீர்கள். இன்று காலை அவர் நடக்கப் போயிருந்தபோது 'பழுது' டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிவிட்டேன். அவர் உடம்பு நமக்கு முக்கியம் இல்லையா?