வற்றாத பின்வளவு

குச்சவெளியில் இருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில், சாம்பல்தீவில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மூத்தவர் உட்கார்ந்ததும் சொன்னார்:

“எங்கட வீட்டுப் பின்வளவு இனி ஈரநிலமாம். மண் போட்டு நிரப்ப ஏலாதாம்.”

“ஆர் அக்கா சொன்னது?”

“மாரிக்குள்ள அரசாங்க ஆக்கள் ரெண்டு பேர் வந்து பாத்தவையெல்லே, அவைதான். மழைக்கு மட்டும் தண்ணி நிக்கிற நிலம் ஒரு வகையாம். வருசம் முழுக்க நிண்டா வேற வகையாம், அதில கை வைக்கக் கூடாதாம்.”

“கோடையில பெடியள் அதிலதானே கிரிக்கெட் விளையாடுறவங்கள்?”

“ஓம். ஆனா நான் அவையளை வத்தாத குளங்களுக்கு மீன்குஞ்சு குடுக்க வந்த ஆக்கள் எண்டு நினைச்சனான். ஒருநாளும் வத்தாது, ஆமைகூட நிக்குது எண்டு அடிச்சு விட்டனான்.”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“சிரிக்காத பிள்ளை. மகளுக்கு அதிலதான் வீடு கட்ட இருந்தனாங்கள். இனி ரோட்டுப் பக்கத்து மேட்டிலதான் கட்ட வேணும். நான் சொன்னதை அவை அப்பிடியே நம்பினதுதான் எனக்கு விளங்கேல்ல.”

“நம்பேல்ல அக்கா. வேலிக்கு இங்கால வந்து என்னட்டையும் கேட்டவை.”

“நீ என்ன சொன்னனீ?”

“வத்தாது எண்டுதான். நீங்கள் அதை நிரப்பினா மாரித் தண்ணி எல்லாம் என்ர குசினிக்குள்ள அடுப்படி வரைக்குமெல்லோ வரும்.”

மூத்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப மீன்குஞ்சையும் நீயே வாங்கி விடு.”