மடு மண் வைத்துத் தைத்த ஜக்கெற்

உடுப்பில் சிப் மாற்றுவதில் தைக்கிற வேலை கொஞ்சம்தான், பிரிக்கிற வேலைதான் கூட. பொறுமையில்லாதவர்கள் கத்தரிக்கோலை விட்டு இழுப்பார்கள், துணி கிழிந்துபோகும். நான் ஒவ்வொரு தையலாகக் கிளப்பி எடுப்பேன். நான் பிரித்த இடத்தில் மறுபடி தைத்தால், முதலில் தைத்தவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். மெல்பேர்னுக்கு வந்து, கிரான்பர்னில் உடுப்புத் திருத்துகிற கடையில் இத்தனை வருடமாக நிற்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

அதனால்தான் நீங்கள் என் மகன் பைக்கில் போடுகிற அந்த ஜக்கெற்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. சோதித்துப் பார்த்த உங்கள் பொலிஸ் ஆட்கள் உள்துணியைக் கண்டபடி கொத்திவிட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் அழகாகப் பிரித்துத் தந்திருப்பேன்.

கதிரையில் வசதியாக இருங்கள், ஒஃபிசர். மகன் வர நேரமாகும். றம்யா அவனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவனைக் கட்டப்போகிற பிள்ளை. போனில் மொழிபெயர்க்க இருப்பது ஹரிப்பிரியாவா? நான் மெல்லச் சொல்கிறேன் பிள்ளை, நீங்கள் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் ஒஃபிசருக்கு இங்கிலிஷில் சொல்லுங்கள்.

முதலில், இந்த ஜக்கெற்றை விற்ற டண்டினோங் கடைக்காரர் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் போலிச் சாமானை விற்று ஏமாற்றிவிட்டார் என்று என் மகன் கிறிஸ்ரியன் உங்களிடம் முறைப்பாடு செய்தது எனக்குத் தெரியும். அவர் விற்றது நல்ல ஜக்கெற். பாவம், அந்த மனுசனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். நான் செய்ததற்கு இன்னொருவர் பழி சுமக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் இல்லை நான்.

என் மனுசன் எமிலியானுஸ் மன்னாரில் மீன் வியாபாரம் செய்தவர். பேசாலையிலிருந்து ஐஸ் பெட்டியைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுவார். ஹெல்மெற் வைத்திருந்தார். அது ஹாண்டிலில் தொங்கும். தூரத்தில் பொலிசைக் கண்டால் தலைக்குப் போகும், தாண்டியதும் ஹாண்டிலுக்குத் திரும்பி வந்துவிடும். இந்த வெக்கைக்குள் யார் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்பார். எங்கள் பக்கத்தில் அப்போது முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஹெல்மெற் பொலிசுக்காகப் போடுகிற சாமான். மன்னார் றோட்டுகளில் கழுதைகள் திரியும். ஒருநாள் விடியப்புறம் ஒரு கழுதை குறுக்கே வந்தது. கழுதை எழும்பிப் போய்விட்டது. இவர் எழும்பவில்லை. ஹெல்மெற்றை ஆட்கள் என் கையில் கொண்டுவந்து தந்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒரே சவப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் நானும் மகனும் இருந்தோம். ஆனால் ஆளுக்கொரு பாடம் படித்துக்கொண்டு எழும்பியிருக்கிறோம். இனி எங்கள் வீட்டுக்குள் மோட்டார் சைக்கிள் வரக்கூடாது என்று நான் படித்தேன். ஹெல்மெற் போட்டிருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று அவன் படித்தான். இதை நான் அறிந்தது வெகுகாலம் கழித்து, இங்கே மெல்பேர்னில், அவன் எலெக்ரீசியனாகி முதல் உழைப்பில் பைக் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான்.

நான் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். கதைக்காமல் இருந்து பார்த்தேன். அவன் சோறு சமைத்து என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய் பைக்கைத் துடைத்தான். நல்ல பிள்ளை, ஒஃபிசர். அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளை என்றால் சண்டை பிடித்துத் துரத்தியிருக்கலாம்.

ஓட்டத்திலும் அவன் நல்ல பிள்ளைதான். மூலைக்கடைக்குப் பாண் வாங்கப் போவதென்றாலும் ஹெல்மெற், ஜக்கெற், கிளவுஸ், முழங்காலுக்குக் காப்பு வைத்த காற்சட்டை, கணுக்கால் மூடிய சப்பாத்து எல்லாம் ஏறும். மற்றவர்கள் பெனியனோடு திரிகிற கொதி வெயிலிலும் இவன் அத்தனையையும் பூட்டிக்கொண்டுதான் நிற்பான். நிலாவுக்குப் போறியோ தம்பி என்று பகிடி பண்ணுவேன். ஒருநாள் மட்டும் அவன் சிரிக்கவில்லை.

"நான் பயமில்லாமல் ஓடுறனெண்டு நினைக்கிறீங்கள் அம்மா. பயம் இருக்கிறபடியால்தான் இவ்வளவும் போடுறன்" என்றான்.

நான் அதை நம்பவில்லை. விழுவதற்கென்று உடுத்திக்கொண்டு போகிறவன் விழத்தானே செய்வான்? மெத்தை போட்ட இடத்தில் பிள்ளைகள் குதிக்கும், சீமெந்து நிலத்தில் குதிக்காது. இன்றைக்கும் இந்த யோசனையில் எனக்குப் பிழை தெரியவில்லை.

பிறகு அவன் விழுந்தான். வேலை முடிந்து வருகிற வழியில், றவுண்டபவுட்டில் யாரோ கொட்டிவிட்டுப் போன சல்லியில் சறுக்கிக் கொஞ்சத் தூரம் இழுபட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து குசினியில் நின்று ஜக்கெற்றைக் கழற்றி, இரண்டு கையையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"பாருங்கோ அம்மா, ஒரு கீறலும் இல்லை. இதுக்குத்தான் கியர்."

சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சாப்பிட இருந்தான். இரண்டாம் தரமும் கறி கேட்டான். நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோசப்பட வேண்டிய தாய் நான். எனக்கு வந்தது பயம். றோட்டில் விழுந்து எழும்பி வந்து கறி கேட்கிற பிள்ளையை இனி எதைச் சொல்லி நிற்பாட்டுவது? முழங்கையில் தோல் உரிந்திருந்தால், தோள் கழன்று ஒரு மாதம் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருந்தால், அவனே பைக்கை விற்றிருப்பான். அவனுக்கு வலிக்காமல் காத்தது ஜக்கெற். ஆகவே அவனைத் திரும்பவும் றோட்டுக்கு அனுப்பியதும் அந்த ஜக்கெற்தான் என்று எனக்குப் பட்டது.

கொஞ்ச நாளில் அதன் சிப் பல்லு விட்டுவிட்டது. "ஒருக்கா மாத்தித் தாங்கோ அம்மா, நீங்கள் தைச்சால் பிறகு பிரியாது" என்று தையல் மெஷினில் போட்டுவிட்டு வேலைக்கான வான் வண்டியில் போய்விட்டான்.

சிப்பை முதலில் மாற்றினேன். கேட்ட வேலையைச் செய்துவிட வேண்டும். பிறகு உள்துணியைப் பிரித்தேன். தோளிலும் முழங்கையிலும் பைகள் வைத்து, அவற்றுக்குள் ஆர்மர் என்று அவன் சொல்கிற துண்டுகளைச் செருகியிருந்தார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், தட்டினால் இறுகும். கெட்டிக்கார வேலை. அவற்றை எடுத்துவிட்டுப் பழைய சோபா குசனின் ஸ்பொஞ்சை அதே அளவில் வெட்டி, கறுப்புத் துணி சுற்றி வைத்தேன். கையை உடம்போடு பொருத்துகிற மூட்டுகளைக் கனத்த நூலில் பல வரியாகத் தைத்திருந்தார்கள். அதையும் பிரித்து, சாதாரண பருத்தி நூலில் ஒரு வரி ஓடவிட்டேன். பார்த்தால் தெரியாது, றோட்டில் இழுபட்டால் விட்டுவிடும்.

முதுகில் பெரிய துண்டு ஒன்று இருந்தது. அதைத் தொடுகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். முதுகு விளையாட்டுச் சாமான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஒரு காவல் வேண்டுமே. என்னிடம் ஒரு போத்திலில் மடு மண் இருந்தது. மடு மாதா கோயில் மண். பாம்பு கடித்தவனையும் பிழைக்க வைக்கும் என்று எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்கள். இந்த நாட்டுக்குள் மண் கொண்டுவர விடமாட்டார்கள் என்று சொன்னபடியால், சாறிக் கரைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தேன். உங்கள் சட்டத்தை நான் மீறிய முதல் தடவை அது. வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள்.

அந்த மண்ணை ஒரு துணியில் பரப்பி, ஒரு பக்கம் சரிந்துவிடாமல் கட்டம் கட்டமாகத் தைத்தேன். கையிலோ தோளிலோ வைத்தால் உருளையாகத் தெரியும். முதுகுத் துண்டு செருகியிருந்த பையில்தான் இடம் இருந்தது. ஆர்மரையும் மண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், புடைத்துக்கொண்டு நின்றது. எதையாவது ஒன்றை எடுக்க வேண்டும். மாதாவை வெளியில் எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, கையையும் தோளையும் எடுத்தது அவனுக்கு வலிக்க வேண்டும் என்று. முதுகை எடுத்தது அவன் பிழைக்க வேண்டும் என்று. வலியை நான் பார்த்துக்கொள்கிறேன் தாயே, உயிரை நீ பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் கடைசி முடிச்சுப் போட்டேன்.

"என்னம்மா, ஜக்கெற் வேற மாதிரிக் கிடக்கு" என்றான், போட்டுப் பார்த்துவிட்டு.

"தோய்ச்சனான். ஊத்தை போனால் அப்பிடித்தான்" என்றேன்.

சிரித்தான். பைக்கை எடுக்க முன்னம் சில்லுக்குக் காற்றுப் பார்ப்பான், பிரேக் பார்ப்பான், லைற் பார்ப்பான், ஹெல்மெற் வாரை இழுத்து இழுத்துப் பார்ப்பான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், தாய் தைத்ததை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

நான் மருந்துக்கடையில் பன்டேஜும் பிளாஸ்ரரும் காயத்துக்குப் பூசுகிற களிம்பும் வாங்கி, குசினியில் இழுக்கிற லாச்சியில் வைத்துக் காத்திருந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் அவன் நொண்டிக்கொண்டு வருவான் என்று பார்ப்பேன். நொண்டாமல் வந்த நாட்களில் ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஓம், கொஞ்சம் இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. மழைநாள். பக்கவீதியால் வந்த காருக்குள் இருந்த பெண் அவனைக் காணவில்லை. அவன் வேகமாகப் போகவில்லை என்று உங்கள் ஆட்கள்தான் எனக்குச் சொன்னார்கள். கண்டவுடன் பிரேக் பிடித்து, முக்கால்வாசி நின்றுவிட்டானாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் சொன்னது உண்மை, அவன் பயத்தோடுதான் ஓடியிருக்கிறான். மெத்தையைக் கண்டு குதிக்கிற பிள்ளையாக அவன் ஒருநாளும் இருக்கவில்லை.

தூக்கி எறியப்பட்டு றோட்டோரக் கல்லில் முதுகு அடிபட விழுந்தான். ஜக்கெற்றின் கைமூட்டுத் தையல் நான் நினைத்தபடியே விட்டுவிட்டது. முழங்கையில் எலும்பு தெரிந்தது. நான் என் பிள்ளைக்கு விரும்பியது அந்த முழங்கையைத்தான், ஒஃபிசர். அதோடு நின்றிருக்கலாம். இடுப்புக்குக் கீழே அவனுக்கு இப்போது ஒன்றும் தெரியாது. கொதிநீர் கொட்டினாலும் தெரியாது.

முதுகுக் காப்புச் சரியாக இருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளும் எழும்பி முகம் கழுவுகிறேன். ஆனால் அவர் ஜக்கெற்றைத் திறந்து பார்க்காமல் சொன்னது அது. நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள். செய்தது நான்தான். கடையும் இல்லை, கொம்பனியும் இல்லை. பெற்ற தாய், பட்டப்பகலில், நிதானமாக இருந்து செய்தது.

குளிக்க வார்க்கும்போது அவன் முதுகைத் தடவிப் பார்ப்பேன். ஒப்பரேசன் தையல் நேராக, வடிவாக இருக்கிறது. பார்க்கப் பார்க்க அழுகை வந்துவிடும். என் அழுகை கேட்கக்கூடாதென்று தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிடுவேன். அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அழாதேங்கோ அம்மா" என்பான். "நீங்கள் அப்பவே வேண்டாமெண்டு சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை."

துவாயால் தலையைத் துடைத்துவிடுவேன்.

ஒன்றைமட்டும் நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். உயிர் இருக்கிறது. மாதா தன் பங்கைச் செய்துவிட்டா. பொழுதுபட முன்னம் அவன் வீட்டில் இருக்கிறான். வாசலில் சத்தம் கேட்கும்வரை நான் யன்னலடியில் நிற்கத் தேவையில்லை. சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறான்.

ஆனால் வருகிற மாதம் சிட்னிக்குப் போகப்போகிறார்களாம். றம்யாவின் தாய் தகப்பன் நார்த்மீட்டில் இருக்கிறார்கள். அங்கே படியில்லாத யூனிட் வீடு ஒன்று பார்த்துவிட்டாளாம். கையாலேயே ஓட்டுகிற கார் இருக்கிறதாம், அதையும் பழகப்போகிறானாம். "அவர் எல்லாம் தனியச் செய்வார் அன்ரி, நீங்கள் யோசியாதேங்கோ" என்கிறாள். அதற்காகத்தான் இந்தப் பயிற்சியெல்லாம். வீல்செயரை ஏற்றத்தில் தள்ளித் தள்ளி, கிளவுஸ் இரண்டும் விரலடியில் பிய்ந்துவிட்டன. இன்று காலையில் அவற்றை என்னிடம் தந்துவிட்டுப் போனான். நீங்கள் தைச்சால் பிறகு பிரியாது அம்மா என்று, அன்றைக்குச் சொன்ன அதே சொல்லையே சொன்னான்.

நீங்கள் அவனிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கிளவுஸைத் தைத்து முடிக்கும்வரை மட்டும் பொறுங்கள். நீங்கள் மணி அடித்தபோது அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். சில்லைத் தள்ளும்போது தோல் உரியாமல் இருக்க, உள்ளங்கையில் தடித்த மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நார்த்மீட்டில் றோட்டெல்லாம் ஏற்ற இறக்கமாம். அவ்வளவு தூரத்தில், நான் இல்லாமல், பிள்ளைக்கு ஒரு காவல் வேண்டாமா? இந்த மெத்தையை எடுத்துவிட்டால் ஒரு சிட்டிகை மண்ணுக்கு இடம் வரும். போத்திலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.