திங்கட்கிழமை பஸ்ஸில் எட்டுப் பேரையும் ஏற்றிய செவிலியருக்கு

"இன்னா சிஸ்டர், வேர்த்த ஒடம்புல ஐஸ் வெப்பியா? ஜன்னி வந்து எவளாவது பூட்டான்னா, கேண்டீன்காரன் கொன்னுட்டான்னு என்னைத்தான் சொல்லுவாங்கோ."

"ஐஸ் யாரு கேட்டா ஏசு? உன் மோர் பாக்கெட்ட இருபத்துநாலு உறைய வெச்சுக் குடு. யாரு பூடறான்னு நான் பாத்துக்கறேன். கதவ விடு."

"நீ விடு மொதல்ல."

உறைபெட்டியின் கதவைக் கேண்டீன் மேற்பார்வையாளர் ஏசுவடியான் ஒருபுறமும் தாங்கள் மறுபுறமும் இழுக்க, சோறு ஆறுவதும் அறியாமல் நாங்கள் வேடிக்கை பார்த்த அந்த மதிய வேளையிலிருந்து இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலைத் தொடங்குவதற்குப் பொறுத்தருள்க, எங்கள் மருத்துவ அறையைப் பத்தொன்பது ஆண்டுகள் மங்காப் புகழோடு ஆண்ட மாதரசியே, காய்ச்சல் கண்டவர்க்குக் கனிவும் காரணம் கட்டியவர்க்குக் கண்டிப்பும் காட்டிய செவிலியர் திலகமே, சசிரேகா அம்மையாரே!

தலைவலி என்று வந்தவரின் கைப்பேசியை வாங்கி மேசையில் பூட்டியே தலைவலியைப் போக்கினீர்கள். மச்சினி கல்யாணத்துக்குப் போக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம், "பொண்ணு எந்த ஊரு?" என்று மட்டுமே கேட்டீர்கள். அவர் எவர் என்பதை அவரது மனைவி இச்சபையில் அமர்ந்திருப்பதால் சொல்லாமல் விடுகிறோம்.

ஆயினும் தங்கள் புகழ் கொடிகட்டிப் பறந்தது கயிறு இழுக்கும் போட்டியால்தான் என்பதைக் காரியாலயம் மறந்தாலும் நாங்கள் மறவோம். தண்டலம் பஸ்ஸில் வரும் எட்டுப் பெண்கள் நம் அணி. எண்மரும் கார்களுக்கு வயர் கட்டும் ஒரே லைனில் கைகளை உயர்த்தி நின்று வேலை செய்பவர்கள். முந்தைய ஆண்டு தோற்றதோடு போகாமல், போட்டிக்கு மறுநாளான திங்களன்று ஐவர் விடுப்பெடுத்தனர். மூவருக்குக் கை மேலே எழவில்லை, இருவருக்குச் சளிக்காய்ச்சல். லைன் நின்றது. உற்பத்தி மேலாளர் கோதண்டராமன் அவர்கள், "அடுத்த வருசம் திங்கக்கெழம ஒரு ஆள் கொறஞ்சாலும் கயித்த நானே வெட்டிப் போட்டுடுவேன்" என்று சொன்னார். சொன்னதைச் செய்பவர் அவர். கோப்பை கிடைத்தாலும் திங்களன்று ஆள் குறைந்தால் அணி இல்லை என்பதே அன்றைய நிலை.

அப்போதுதான் தாங்கள் பழைய சீருடைத் துணியில் ஆளுக்கு ஆறு பை வைத்து மேலங்கி தைத்தீர்கள். பைக்கொரு உறைந்த மோர் பாக்கெட். சித்திரை வெயிலில் உடல் கொதிக்கக் கொதிக்க உழைத்தால் உடம்பு அதை ஆபத்தென்று எண்ணி, ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் கூட்டங்கூட்டமாக வெளியே இழுக்கும் என்றும், பயிற்சியின்போதே குளிர்வித்தால் அந்த அமளி குறையும் என்றும் விளக்கினீர்கள்.

"அப்ப சளியே வராதா சிஸ்டர்?" என்றார் அணித் தலைவி மெர்சி.

"அப்டி நான் சொல்லல. குளுந்தா சளி வரும்னு ஏசு சொல்றானே, அதுக்கும் ஆதாரம் கெடையாது. பாப்போம்."

பார்த்தீர்கள். முதல் வாரம் நால்வர்க்கு மேலங்கி, மறுவாரம் மற்ற நால்வர்க்கு. பயிற்சியின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பஸ்ஸின் முன்னிருக்கையில் குறிப்பேட்டோடு அமர்ந்தீர்கள். கம்பியைப் பிடிக்காமல் படியேறினால் சுழியம், ஒரு கையால் பிடித்தால் ஒன்று, இரு கைகளாலும் பிடித்தால் இரண்டு, "யம்மா" என்றால் மூன்று. வலியை அளக்க இப்படியொரு கோல் எந்த மருத்துவமனையில் உண்டு? மேலங்கி அணியாதபோது கூட்டுத்தொகை இருபத்தொன்பது, அணிந்தபோது பதினொன்று. தும்மல் மட்டும் இருபக்கமும் ஒரே அளவு.

"எட்டுப் பேர வெச்சு ஊருக்கெல்லாம் மருந்து சொல்லக் கூடாது. நம்ம பஸ்ஸுக்கு இது போதும்" என்றீர்களே, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

இடையில் ஒரு பிழை நேர்ந்தது. பயிற்சி முடித்துத் திரும்பிய பாக்கெட்டுகளைத் தனியே எடுத்து வைக்க மறந்த ஏசுவடியான், மறுநாள் அவற்றிலொன்றை மேலாளரின் தட்டிலேயே வைத்தார். "இன்னிக்கு மோர்ல உப்பு கரெக்ட்டா கீது" என்று மேலாளர் பாராட்டினார். பாக்கெட் பிரிக்காதது, உள்ளே எதுவும் போக வழியில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஐயா அவர்களுக்கு இந்தச் செய்தி இப்போதுதான் எட்டுகிறது. அன்று முதல் அணியின் பாக்கெட்டுகளுக்குச் சிவப்பு நூல் கட்டப்பட்டது.

இறுதிப் போட்டியில் முதல் இழுப்பு நமக்குத் தோல்வி. இடைவேளையில் எண்மர்க்கும் மேலங்கி மாட்டினீர்கள். எதிரணியான லாரி ஆலையினர் சிரித்தனர். இரண்டாம் இழுப்பில் சிரிப்பு நின்றது, மூன்றாம் இழுப்பில் அவர்களே நம் பக்கம் வந்து விழுந்தனர்.

கோப்பை கைக்கு வந்த பின்னும் தாங்கள் சிரிக்கவில்லை. திங்களன்று வாயிலில் மேலாளர் நின்றிருந்தார். தண்டலம் பஸ் வந்தது. ஒருவர், இருவர் என எண்மரும் இறங்கினர். அவர் மறுபடியும் எண்ணினார். தங்கள் ஏட்டில் எழுவர்க்குச் சுழியம், மெர்சிக்கு ஒன்று. மறுகையில் கோப்பை இருந்ததால் இரண்டாவது கையால் பிடிக்க அவருக்கு வழியில்லை என்பது எங்கள் கட்சி.

"கயிறு இருக்கட்டும்" என்றார் மேலாளர். அப்போது சிரித்தீர்கள் அம்மையீர், பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் கண்ட முழுச் சிரிப்பு அது ஒன்றுதான்.

வல்லக்கோட்டைப் புது வீட்டில் உடல் நலமும் உறக்க சுகமும் பெற்று, எண்பதிலும் தொண்ணூறிலும் எந்தப் பஸ்ஸிலும் கம்பியைத் தொடாமல் தாங்கள் ஏற வேண்டுமென்று வாழ்த்துகிறோம்.

அணியின் முத்துச்செல்வி ஒசூர் ஆலைக்கு மாற்றலாகிப் போய், அங்கும் மேலங்கி தைக்கிறார். மெர்சியோ, இந்த வைகாசியில் தண்டலம் தேவாலயத்தில் ஏசுவடியானையே மணந்தார். அணிக்குப் பாக்கெட் வாங்க மெர்சி போய்வந்த உறைபெட்டிக் கதவருகே தொடங்கிய பழக்கம் என்று எங்களில் சிலர் அப்போதே சொன்னோம். மின்விசிறி நின்றுபோன அந்த மதியத்தில் எல்லோருக்கும் வேர்வை வழிந்தோட, கோட்டும் சூட்டும் அணிந்த மாப்பிள்ளை மட்டும் ஒரு சொட்டு வேர்க்கவில்லை. பீடத்தின் முன் அவர் குனிந்தபோது, கோட்டின் உட்பக்கம் சிவப்பு நூல் கட்டிய இரண்டு பாக்கெட்டுகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

தங்கள் அன்பில் நனைந்த,
ஆலைப் பணியாளர்கள், மூன்று ஷிப்டும்
ஒரகடம்